டோரீன் கழற்றிய பிரேக்

டோரீன் ஆல்சப்பைப் பற்றி எங்கள் பழைய கார் கிளப்பின் செய்தி மடலில் நல்லவிதமாக நாலு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலாவது வரியில் நான் வந்து நிற்கிறேன். வந்து நிற்கிற ஆள் பார்க்கச் சகிக்கிற ஆளாக இல்லை. மடலில் போட இது லாயக்கில்லை என்று தெரிந்துதான் தனியாக எழுதுகிறேன்.

என் பெயர் ரேமண்ட் கிரெஸ்வெல். பத்தொன்பது வருடமாக அந்தக் கிளப்பின் நடுவர். அந்தக் கதை பிறகு. முதலில் அவள்.

முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டவள் டோரீன். எங்கள் ஊரான பெல்ப்பரில் இன்றைக்கு நாற்பது வயதுக்குள் இருக்கிற பாதிப் பேர் அவள் கையால் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு மசியலைத் தின்று வளர்ந்தவர்கள். ஆள் குள்ளம், கை மட்டும் பெரியது. பஸ் டிரைவர், பாதிரியார், போலீஸ்காரர் யாரானாலும் அவளுக்குக் 'கண்ணு'தான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் பேசுவது அப்படித்தான். ஆனால் அவள் சொன்னால் பாதிரியாருக்கே கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்காரத் தோன்றும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி லெஸ் அவளோடு இருக்கிறான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது. ஆள் நல்ல கனம், மனசுக்கு மட்டும் ஆறு ஏழு வயதுக்கு மேல் ஆகவில்லை. பிறந்ததிலிருந்தே அப்படி. லெஸ்ஸுக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்று, கார் எழுப்பும் 'பீப் பீப்' சத்தம். இந்தக் காலத்துக் கார்களில் கதவு திறந்தால் பீப், பெல்ட் போடாவிட்டால் பீப், பின்னால் எடுத்தால் பீப். முதல் பீப்புக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதனால் டோரீன் எங்கே போனாலும் பஸ், இல்லாவிட்டால் நடை. அக்கா முன்னால், இரண்டு பை, பின்னால் தம்பி. இருபது வருடம் இதைப் பார்த்திருக்கிறோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் மற்றவர் கஷ்டத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகக் குறைவு.

ஒரு நாள் மழையில் பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்து என் காரை நிறுத்தினேன். மாரிஸ் மைனர், அறுபத்தொன்றாம் வருடத்தது. நான் பிறந்த ஊர்க் குழந்தைகள் கார் வரையச் சொன்னால் இன்றைக்கும் அதைத்தான் வரைகின்றன, உருண்டையான முன்பக்கம், இரண்டு கண். லெஸ் ஏறினான். கதவைச் சாத்தினான். காத்திருந்தான். ஒன்றும் கத்தவில்லை.

"இது பேசலையே!" என்றான்.

"அதுக்குப் பேச வராது கண்ணு. வயசாயிடுச்சு" என்றாள் டோரீன்.

வீடு போய்ச் சேரும் வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது டோரீன் என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கடையில் காலிஃபிளவர் பார்க்கிற மாதிரி, அடியில் குனிந்து. "இந்த மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும் ரே?" என்று கேட்டாள். ஆக, ஆரம்பித்து வைத்ததும் நான்தான்.

ஆறு மாதத்தில் அவள் வீட்டு ஓரத்தில் ஒரு மைனர் வந்து இறங்கியது. ஒரு பண்ணையின் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த கார். உள்ளே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தரை கிடையாது, புல் தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திரைகள் எல்லாம் ஒரு விரற்கடை விலகி மூடிக்கொண்டன. நான் போய்ப் பார்த்துவிட்டு, "உதிரி பாகத்துக்கு ஆகும்" என்றேன்.

"முழுசா இல்லாத வாத்தை வெச்சு நானூறு பேருக்கு சூப் வெச்சிருக்கேன் கண்ணு" என்றாள்.

வெல்டிங் கற்க மாலை வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். துருப்பிடித்த தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்தாள். அப்படிப் பார்த்தால் காரில் பாதி போய்விட்டது. தார்ப்பாய்க்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு மூன்று குளிர்காலம். கழுத்துக்குள் நெருப்புப் பொறி விழுந்து ஒரு தழும்பு. அவள் வேலை செய்யும் விதத்தை வேறு எங்கும் நான் கண்டதில்லை. பள்ளிச் சமையல்கூடத்தில் கழித்துப் போட்ட பெரிய பேக்கிங் தட்டுகள் இருபத்துநாலு வைத்திருந்தாள். கழற்றுகிற ஒவ்வொன்றும் ஒரு தட்டில் போகும். மேலே சீட்டு ஒட்டியிருக்கும்: 'இடது முன்சக்கரம். பிரேக். கழற்றியது மார்ச் 9. துடைத்தாயிற்று.' குளிர்பெட்டியில் இறைச்சிக்குத் தேதி போட்டுப் பழகிய கை. என் கராஜில் நான் ஒரு போல்ட்டைத் தேடினால் அன்றைய பகல் போய்விடும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பழைய மைனரில் இருப்பது டிரம் பிரேக். ஒரு மூடிய கிண்ணம். உள்ளேயிருந்து இரண்டு கட்டைகள் விரிந்து கிண்ணத்தின் சுவரை அழுத்தும். நீளமான இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக் திறந்த தட்டு. இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும். காற்று படும், சூடு தங்காது. கார் செய்தவர்கள்மேல் பழியில்லை. அந்தக் காலத்து ரோட்டுக்கும் வேகத்துக்கும் டிரம் தாராளமாகப் போதும். இந்தக் காலத்தில் டிஸ்க் மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நாற்பது வயது தாண்டிய காருக்கு எங்கள் நாட்டில் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. கிளப் நடுவரைத் தவிர.

ஒரு நாள் அவள் கையில் டீக் கோப்பையோடு கேட்டாள். "முன்னாடி டிஸ்க் போட்டுடலாமா ரே? பின்னாடி சீட்டுக்கு பெல்ட்டும்? லெஸ் பின்னாடிதான் உக்காருவான்."

நான் இதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தேன். அந்தக் குரலில் சொன்னேன். "பழைய காரோட மரியாதையே ஃபாக்டரியிலிருந்து எப்படி வந்துச்சோ அப்படி இருக்கறதுலதான் இருக்கு டோரீன். டிஸ்க் போட்டா அது மைனர் இல்ல, மைனர் வேஷம் போட்ட வேற ஏதோ கார்."

"வேஷம் போட்டாலும் நின்னா சரி" என்று சொல்லி டிஸ்க்கையும் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தப் பிரசங்கத்தைச் செய்தபோது என் சொந்தக் காரில் டிஸ்க் பிரேக் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எழுதிவிட்டேன். என் மனைவி ஜூன், என்னைத் திருமணம் செய்து நாற்பத்தோரு வருடம். ஒரு நாள் பெரிய சாலையில் முன்னால் ஒரு லாரி சட்டென நின்றது. என் கார் நிற்கவில்லை. கையகல இடைவெளியில் ஒதுக்கித் தப்பித்தோம். ஜூன் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். அடுத்த வாரமே லிங்கன்ஷயரில், என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், ஓர் ஆளிடம் கொடுத்து டிஸ்க் மாற்றிக்கொண்டேன். அதோடு சேர்ந்த, மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற பெட்டியைச் சீட்டுக்கு அடியில் கம்பளம் போர்த்தி மறைத்தேன். சக்கரத்துக்குக் கிண்ண மூடி போட்டால் வெளியிலிருந்து தெரியாது. அத்தோடு எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு: நடுவரின் காரை யாரும் சோதிக்க மாட்டார்கள். வருடாவருடம் நாங்கள் நடத்தும் கார்க் கண்காட்சி நாளில் அது டீக் கூடாரத்துப் பக்கத்தில், கண்ணாடியில் 'நடுவர்' என்ற அட்டையோடு, தனியாக நிற்கும். அந்த அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் மற்றவர்கள் கார்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் குச்சியில் கட்டிய கண்ணாடி. வெட்கக்கேடு.

மூன்றாம் வருடம் ஜூன் மாதத்தில் டோரீன் தன் காரைக் கண்காட்சிக்கு ஓட்டி வந்தாள். வெளிர்ப் பச்சை. பின்சீட்டில் லெஸ், பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எங்கள் கிளப்பில் 'சொந்தக் கை' என்று ஒரு மரப் பலகை இருக்கிறது. வெளியாள் கை படாமல் வீட்டிலேயே காரை மீட்டவரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் அடிப்பார்கள். மதுக்கடையின் பின்னறையில் தொங்குகிறது. முப்பத்தாறு பெயர், முப்பத்தாறும் ஆண்கள்.

நான் அவள் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்டிங் என்னுடையதைவிடச் சுத்தம். எழுந்து, "சுவாரசியமான வேலை" என்றேன். எங்களூரில் ஒன்று பிரமாதம் என்றால் 'பரவாயில்லை' என்போம். 'சுவாரசியம்' என்றால் தேறாது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. டிஸ்க்குக்குப் பத்து, பெல்ட்டுக்கு ஐந்து மதிப்பெண் வெட்டினேன். நாலு மதிப்பெண்ணில் பலகை வேறொருவனுக்குப் போயிற்று. அவன் தன் காரைப் பெயின்ட் அடிக்க வெளியாளிடம் கொடுத்தவன், அதுவும் எனக்குத் தெரியும்.

டோரீன் கோபப்படவில்லை. முட்டை சாண்ட்விச் ஒன்றைக் காகிதத்தில் வைத்து என்னிடம் நீட்டிக்கொண்டே, "டிஸ்க்கும் பெல்ட்டும் இல்லேன்னா?" என்றாள்.

"இல்லேன்னா யோசிக்கவே வேண்டாம். பலகை உன்னுதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். "முப்பத்தொரு வருஷம் சமைச்சேன் ரே. ஒரு தட்டுல எம்பேரு இருந்ததில்ல. தின்னாங்க, கழுவினோம், முடிஞ்சுது. இது ஒண்ணுல பேரு இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்தான்."

நான் சாண்ட்விச்சைத் தின்றேன்.

அடுத்த மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போன் வந்தது. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஜூன் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரே கண்ணு, டிஸ்க்கைக் கழட்டிட்டேன். பழைய பிரேக்கு சாமானெல்லாம் தேதி போட்டு வெச்சிருந்தேன்ல, புது ரப்பர் வாங்கிப் போட்டு மாட்டியாச்சு. ஒரே ஒரு சந்தேகம். பின்சீட்டு பெல்ட்டையும் கழட்டணுமா, இல்ல சீட்டுக்கு அடியில மடிச்சு விட்டாப் போதுமா?"

"மடிச்சாலும் போல்ட்டு தெரியுமே டோரீன்."

"லெஸ்ஸுக்குத்தான் யோசிக்கிறேன். அதைப் புடிச்சுக்கிட்டேதான் வருவான்."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அதுவும் சரிதான்" என்றாள். "உன்னை எதுக்குச் சங்கடப்படுத்தணும். கழட்டிடறேன்."

போனை வைத்தேன். கேரட் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அவகிட்ட சொல்லிடு ரே" என்றாள் ஜூன்.

"எதை?"

"எதையா? என்னை உக்கார வெச்சு ஓட்டும்போது டிஸ்க் வேணும். அவ தம்பியை உக்கார வெச்சு ஓட்டும்போது மட்டும் ஃபாக்டரி மரியாதை வேணுமா?"

"ஒரு நாள்தானே ஜூன். பலகையில பேரு ஏறினதும் மறுநாளே திரும்ப மாட்டிக்குவா."

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். போன் என் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. திரும்பக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் பத்தொன்பது வருட நடுவர் பதவி அந்த வாக்கியத்தோடு போயிருக்கும். எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. அன்று இறைச்சி நன்றாக வெந்திருந்தது, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்காட்சி நடக்கும் கிரிக்கெட் மைதானம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வழக்கப்படி எல்லாரும் மேட்டில் கூடி, பதினொரு காரும் வரிசையாகச் சூளை இறக்கத்தில் இறங்கிப் போவோம். ஒன்றரை மைல் இறக்கம், இரண்டு பக்கமும் கல் சுவர். வரிசையில் இடைவெளி விடாமல் போவது எங்களுக்கு ஒரு பெருமை. இடைவெளி விட்டால் நடுவில் புதுக்கார் எவனாவது புகுந்து போட்டோவைக் கெடுத்துவிடுவான். முன்னால் ஓட்டுகிறவர் தலைவர் ஜெஃப். நாலாவது டோரீன். அவளுக்கு மரியாதையாக வழிவிட்டு ஐந்தாவதாக நான்.

கிளம்புமுன் அவள் பிரேக்கை நானே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. "பரவாயில்லையே டோரீன்" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. பெல்ட் இருந்த ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட்கூட அடித்திருந்தாள். லெஸ்ஸின் மடியில் ஒரு டப்பா நிறையப் பழக் கேக்.

வெயில் அருமையாக இருந்தது. லெஸ் பின்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தான். நானும் ஆட்டினேன். ஜெஃப் நல்ல வேகத்தில் இறங்கினார். இரண்டாவதும் மூன்றாவதும் அதே வேகத்தில். டோரீன் அவர்களை விடாமல் போனாள். அவளுடைய பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வரிசையில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்லியிருக்கலாம். இன்னும் அரை மைல்தானே என்று இருந்துவிட்டேன்.

வளைவு தாண்டியதும் ரோட்டில் ஆடுகள். ஜெஃப் நின்றார். இரண்டாவது நின்றது. மூன்றாவது நின்றது. டோரீன் நிற்கவில்லை. விளக்கு எரிகிறது, கார் போகிறது. கடைசி நொடியில் முன்கார்மேல் மோதாமல் இடது பக்கம் திருப்பிச் சுவரில் விட்டாள். தகடு கிழிகிற சத்தத்துக்கு மேலே லெஸ்ஸின் சத்தம் கேட்டது.

நான் மிதித்தேன். என் கார் அப்படியே, கோடு போட்ட மாதிரி, நின்றது.

ஓடினேன். லெஸ் முன்சீட்டுகளுக்கு நடுவில் வந்து விழுந்து கிடந்தான். வாயெல்லாம் ரத்தம், கேக், உடைந்த பல். முன்பல் நாலு போய்விட்டது. கன்ன எலும்பு முறிந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். டோரீனின் வலது மணிக்கட்டு பார்க்க முடியாத கோணத்தில் திரும்பியிருந்தது. இடது கையால் அவன் தலையைப் பிடித்து, "இதோ இருக்கேன் கண்ணு, இதோ இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரனும் கண்ணுதான், கம்பளி கொண்டுவந்த கிழவனும் கண்ணுதான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற என் காரைப் பார்த்தாள். அவள் கார் இருந்த இடத்துக்கும் என் கார் நின்ற இடத்துக்கும் நடுவில் இருந்த ரோட்டைப் பார்த்தாள்.

"உன் கார் நல்லா நின்னுச்சு ரேமண்ட்" என்றாள்.

அவ்வளவுதான். குரல் ஏறவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது பீப் அடித்தது. லெஸ் அந்த உடைந்த வாயோடு அலறியது மைதானம் வரை கேட்டதாம்.

மூன்று வாரம் போயிற்று. கிளப்பில் பேச்சு கிளம்பிவிட்டது. சமையற்காரி பிரேக்கில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும், ரப்பரைத் திருப்பி மாட்டியிருப்பாள், பாவம் நல்ல மனசு, ஆனால் இது மசியல் கிண்டுகிற வேலை இல்லையே. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பீர் குடித்தேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தவன் நான், வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் நிற்கவில்லை என்பது. அதற்கடுத்த கேள்வி, உன்னுடையது எப்படி நின்றது. அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து முதல் வாக்கியத்தை விழுங்கினேன். வீட்டில் ஜூன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டு வரும், வார்த்தை வராது.

மாதக் கூட்டம் மதுக்கடையின் பின்னறையில், அந்தப் பலகைக்குக் கீழே நடந்தது. ஜெஃப் ஒரு காகிதத்தை வாசித்தார். மடலில் போடுவதற்கு: 'அனுபவமில்லாதவர்கள் பிரேக் வேலையை வீட்டில் செய்வதிலுள்ள ஆபத்து குறித்து உறுப்பினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அண்மையில் நடந்த வருத்தத்துக்குரிய சம்பவம்...' பெயர் போடவில்லை. ஊருக்கே தெரிந்த பெயரைப் போடுவானேன்.

"நடுவர் கையெழுத்துப் போட்டா எடுபடும்" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன், கீழே வைத்தேன். எழுந்தேன். "எல்லாரும் கொஞ்சம் வெளில வாங்க" என்றேன். கார் நிறுத்துமிடத்தில் என் காரை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, புல்லில் படுக்க வைத்தேன். மாலை வெயிலில் அந்த டிஸ்க் பளபளவென்று இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த கம்பளத்தையும் உருவிப் போட்டேன்.

"ஆறு வருஷமா இருக்கு" என்றேன். "அவ வேலையில தப்பில்ல. நான் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டுக் கழட்டினா. நான் கழட்டல."

செருப்பைக் கழற்றி அடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜெஃப் தொண்டையைக் கனைத்தார். குனிந்து பார்த்தார். "நல்ல வேலை. யார்கிட்ட செஞ்சே?"

"லிங்கன்ஷயர்ல ஒருத்தன்."

"எனக்கு நாட்டிங்ஹாம்ல செஞ்சாங்க. மிதிச்சா கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. உனக்கு வருதா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அதற்குள் இன்னொருவன், "கட்டையோட ஓரத்தை லேசா ராவி விடு, போயிடும். நானும் அப்படித்தான் செஞ்சேன்" என்றான். மூன்றாவது ஆள், தனக்கு மருமகன் போட்டுக் கொடுத்ததாகவும் மனைவிக்குக்கூடத் தெரியாதென்றும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் பதினொன்றில் ஏழு. அன்றைக்கு டோரீனுக்கு முன்னால் இறங்கின மூன்றும் அதில் சேர்த்தி, அந்த வருடம் போட்டிக்குக் கொடுக்காததால் டிஸ்க்கோடேயே வந்தவை. சூளை இறக்கத்தில் ஜெஃப் அந்த வேகத்தில் போனதற்கும், அவர் பின்னால் மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டு போனதற்கும் காரணம் அதுதான். என் மதிப்பெண்ணுக்குப் பயந்து எல்லாரும் என்னிடமே மறைத்திருக்கிறார்கள், கண்காட்சிக்கு முந்தின வாரம் மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டோ, போட்டிக்கே கொடுக்காமலோ. என் கண்ணாடியும் குச்சியும் பார்த்த லட்சணம் அது.

யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் முதுகில் தட்டினார்கள். ஒருவன் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தான். எச்சரிக்கைக் காகிதத்தை ஜெஃப் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ இதை விட்டுடலாம். டோரீனைப் பத்தி நல்லவிதமா நாலு வரி நீயே எழுதிக் குடுத்துடு ரே" என்றார்.

மறுநாள் காலை டோரீன் வீட்டுக்குப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. வலது கை கட்டோடு மார்பில் தொங்க, இடது கையால் லெஸ்ஸுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கன்னம் இன்னும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே சொன்னேன். லிங்கன்ஷயரிலிருந்து ஆரம்பித்தேன். போன் வந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். மற்ற ஆறு பேரையும் சொன்னேன்.

நான் முடித்ததும் டோரீன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஜெஃப் காரா?"

"ஆமா."

"அவருக்குப் பின்னாடி போன ரெண்டும்?"

"ஆமா டோரீன்."

"எனக்குப் பின்னாடி நீ."

"ஆமா."

திட்டப்போகிறாள் என்று நான் தயாராக நின்றபோது, அவள் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

"மூணு வாரமா தூங்கலை ரேமண்ட்" என்றாள். "அவங்க எல்லாம் நின்னாங்க, நான் மட்டும் ஏன் நிக்கலைன்னு. ஒவ்வொரு நட்டா மனசுல கழட்டிக் கழட்டி மாட்டிப் பார்த்தேன். எங்கியோ நான்தான் தப்பா மாட்டி இவன் மூஞ்சியை ஒடச்சிட்டேன்னு இருந்தேன்."

லெஸ் வாயைத் திறந்தான். அவள் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். நான் எப்போது கிளம்புவேன் என்று இருவரும் காத்திருந்தார்கள், நான் கிளம்பினேன்.